பால் லோரி ஓட்டிய தாத்தா

என் தாத்தா இரப்பர்த் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால் லோரி ஓட்டியவர். மரத்துப் பால் உறைந்து போகுமுன் ஆலையில் சேர்ந்தாக வேண்டும். ஆதலால், மழையானாலும் மண்சாலை சேறானாலும் அவர் நேரம் தவறியதில்லை. சம்பள உறையைப் பிரிக்காமலே பாட்டியிடம் கொடுப்பார். பிள்ளைகள் ஐவரும் படித்தது அதில்தான்.

அவர் போர்வீரராகவும் இருந்தவர் என்பது எனக்கு வெகுநாள் தெரியாது. ஆண்டுதோறும் அக்டோபர் 21ஆம் நாள் விடியுமுன் நீராடி, வெள்ளை வேட்டி உடுத்தி, வாசலில் சற்று நேரம் நிமிர்ந்து நிற்பார். ஏனென்று கேட்டால் சிரிப்பார். 1943ஆம் ஆண்டு அதே நாளில் நேதாஜி சிங்கப்பூரில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார் என்று ஆசிரியர் கூறியபோதுதான் எனக்கு விளங்கிற்று.

அன்று மாலையே ஓடிச் சென்று, "தாத்தா, எத்தனை பேரைச் சுட்டீர்கள்?" என்றேன். சிறுபிள்ளைக் கேள்வி!

"எங்கள் அணி பர்மாவுக்குப் போகவே இல்லையப்பா. லோரி ஓட்டத்தான் அங்கே கற்றேன்" என்றார். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "என் அண்ணனை ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு போனான். அவர் திரும்பவில்லை. அடுத்து என் முறை வருமென்று அஞ்சியே படையில் சேர்ந்தேன்" என்றார். அவர் கண் கலங்கி நான் கண்டது அன்று மட்டுமே.

அவர் 1984இல் மறைந்தார். தோட்டத்து லோரியிலிருந்து பால் தொட்டியை இறக்கிவிட்டு, அதில்தான் இடுகாட்டுக்குக் கொண்டு சென்றார்கள். ஓட்டியவர் அவரிடம் தொழில் பழகிய மலாய்க்காரர். அந்த மண்சாலை நெடுகிலும் அவர் வேகத்தைக் கூட்டவே இல்லை.