விம்மல் அடங்கும் வரை

கிதார் பயிலும் நம்மிடம் சுருதி காட்டும் மின்கருவி உண்டு. ஆயினும் இசைக்கவையையே முதலில் எடுக்கிறோம். கருவி கண்ணுக்குச் சொல்வதைக் கவை செவிக்குக் கற்பிக்கிறது.

440 ஹெர்ட்ஸ் கவையைத் தட்டி, ஐந்தாம் தந்தியை அதன் ஐந்தாம் மெட்டுக்கு நேர்மேலே அழுத்தாது தொட்டு மீட்டுகிறோம். 110 ஹெர்ட்ஸுக்குரிய அத்தந்தி, அங்கே நான்மடங்காய் 440 ஒலிக்க வேண்டும். 438 ஒலித்தால், ஒலி ஏறி இறங்கும் விம்மல் நொடிக்கு இரண்டு கேட்கும். தந்தியை மெல்ல முறுக்க, விம்மல் மெலிந்து அடங்கும்.

பின்னர் நான்காம், மூன்றாம், இரண்டாம் தந்திகளை ஐந்தாம் தந்தியின் 5, 10, 14ஆம் மெட்டுகளோடு முறையே இசைவிக்கிறோம். முதல் தந்தியின் ஐந்தாம் மெட்டு கவையோடும், ஆறாம் தந்தியின் ஐந்தாம் மெட்டு ஐந்தாம் தந்தியோடும் ஒன்ற வேண்டும். ஒவ்வொரு தந்தியும் அண்டைத் தந்தியையே பின்பற்றினால், சிறு பிழை கைமாறி வளரும். சேர்ந்து வாசிப்போர்க்கு முதற்பண்பு, பொதுச் சுருதியைக் கேட்டுத் தம்மைத் திருத்திக் கொள்வதன்றோ!