ஊரார் காத்த கருப்புக் கோட்டை

ஜப்பானில், மலைகள் சூழ்ந்த நாகானோ மாநிலத்தில் உள்ளது மத்சுமோத்தோ நகரம். அங்கே அகழி நீரில் நிழல் விழ, கன்னங்கரேலென்று நிற்கிறது ஒரு கோட்டை. காக்கைக் கோட்டை என்று அதற்குச் செல்லப் பெயர். அதன் மரக் கோபுரம் 1590-களில் எழுந்தது. வெளியே பார்த்தால் ஐந்து அடுக்கு. உள்ளே ஏறினால் ஆறு மாடி!

அழகுக்குப் பின்னே கண்ணீரும் உண்டு, வாசகர்களே. 1686-இல், நெல் வரியின் கொடுமை தாங்காத குடியானவர்கள், தாடா காசுகே என்பவர் தலைமையில் கோட்டைமுன் திரண்டு முறையிட்டனர். வரியைக் குறைப்பதாக வாக்களித்த அதிகாரிகள், கூட்டம் கலைந்ததும் சொல் தவறினர். காசுகே உள்ளிட்ட 28 பேர் கொல்லப்பட்டனர்.

பிரபுக்களின் ஆட்சி ஒழிந்தது. 1872-இல் கோபுரமே ஏலத்துக்குப் போனது! இடித்துவிடுவார்களே என்று பதறினார் இச்சிகாவா ரியோசோ என்ற ஊர்க்காரர். கோபுரத்திலேயே பொருட்காட்சி நடத்தி, வந்த பணத்தைக் கொண்டு அதை மீட்டார்.

பிறகு கோபுரம் சாயத் தொடங்கியது. "காசுகேயின் சாபம்" என்றது ஊர். உண்மையில், அடியில் தாங்கிய மரத்தூண்கள் மக்கிப்போயிருந்தன. பள்ளித் தலைமையாசிரியர் கோபயாஷி உனாரி ஊராரைத் திரட்டினார், நிதி சேர்ந்தது. 1903 முதல் 1913 வரை பழுது பார்த்து நிமிர்த்தினார்கள். 1952-இல் அது தேசியப் பொக்கிஷமானது. இன்றும் ஆண்டுதோறும் அதன் சுவர்ப் பலகைகளுக்குக் கருப்பு அரக்குப் பூசுகிறார்கள்.

எந்த வட்டாரத்து மக்களின் நெல்லில் அந்தக் கோட்டை வாழ்ந்ததோ, அதே வட்டாரத்து மக்கள்தான் அதை வாழ வைத்தார்கள். காசுகேயையும் அவர்கள் மறக்கவில்லை. அருகிலுள்ள அசுமினோவில் அவருக்கும் தோழர்களுக்கும் நினைவகம் இருக்கிறது.