கொட்டகையில் நின்ற வண்டி

இக்கட்டுரையை எழுதுவோர் உடன்பிறந்தோர் இருவர். பொள்ளாச்சிக்கு அருகே ஒரே தென்னந்தோப்பில், ஒரு சுவரின் இரு புறங்களிலும் குடியிருப்பவர்கள். 2001 முதல் 2022 வரை 21 ஆண்டுகள் நாங்கள் ஒருவரோடொருவர் ஒரு சொல்லும் பேசியதில்லை. இன்று ஒரே மேசையில் அமர்ந்து இதனை எழுதுகிறோம். அதற்குக் காரணமாய் அமைந்தது கொட்டகையில் 41 ஆண்டுகள் அசையாது நின்ற ஒரு பழைய மோட்டார் வண்டியாகும். வண்டியின் கதையைச் சொன்னாலன்றி எங்கள் கதையைச் சொல்ல இயலாது. ஆகவே இரண்டையும் சேர்த்தே சொல்கிறோம்.

எம்.ஜி. டி.சி. என்பது அவ்வண்டியின் பெயர். இங்கிலாந்தில் ஆபிங்டன் என்னும் ஊரில் 1945 முதல் 1949 வரை ஏறத்தாழ 10,000 வண்டிகள் இவ்வகையில் செய்யப்பெற்றன. இருவர் மட்டுமே அமரலாம். மடித்து வைக்கத்தக்க துணிக்கூரை, 19 அங்குலக் கம்பிச் சக்கரங்கள், 1,250 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் 54 குதிரைத்திறனும் உடைய இயந்திரம் ஆகியவை இதன் சிறப்புகள். வெளியே தகடு; உள்ளே முழுவதும் மரச்சட்டம். எங்கள் வண்டி 1948-இல் செய்யப்பட்டது. வால்பாறை மலையில் தேயிலைத் தோட்ட மேலாளராயிருந்த வெள்ளையர் ஒருவர் அதனை வைத்திருந்தார். அவர் 1968-இல் தாயகம் திரும்பியபோது, அதே தோட்டத்தின் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பராமரித்து வந்த எங்கள் தந்தையாருக்குச் சொற்ப விலைக்குக் கொடுத்துச் சென்றார்.

அப்பா வாரக் கடைசியில் அவ்வண்டியில்தான் மலையிறங்கி வருவார். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்குச் செல்லும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அவற்றின் வழியே அவர் வண்டி இறங்கி வரும் ஓசையை நாங்கள் மனத்திற்குள்ளேயே கேட்டுக்கொண்டு வாசலில் காத்திருப்போம். 1981 மே மாதத்தில் ஒரு நாள், அம்மாவையும் பத்து வயதினராயிருந்த எங்களுள் இளையவரையும் நெருக்கி அமர்த்திக்கொண்டு அப்பா இறங்கி வந்துகொண்டிருந்தார். நடு மலையில் பிரேக்குப் பெடல் மிதித்த மிதியில் அடியோடு உள்ளே போயிற்று. அப்பா பதறவில்லை. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து, வண்டியை மலைப்பக்கத்துச் சுவரோடு உரசவிட்டு நிறுத்தினார். மறுபக்கம் பள்ளம். அம்மாவின் நெற்றியில் நான்கு தையல் போட நேர்ந்தது.

அந்நிகழ்ச்சிக்கு மூன்று வாரங்களுக்கு முன்பு வண்டியின் பிரேக்குக் குழாய்களில் சேர்ந்திருந்த காற்றை வெளியேற்றும் வேலை நடந்தது. அப்பா உள்ளே அமர்ந்து பெடலை மிதிக்க, அப்போது பதினேழு வயதினராயிருந்த எங்களுள் மூத்தவர் சக்கரத்தருகே படுத்துத் திருகுகளைத் திறந்து மூடினார். ஏதோ ஒரு திருகைத் தாம் சரிவர முடுக்காது விட்டுவிட்டதாக அன்று முதல் அவர் எண்ணினார். யாரும் அவரைக் குற்றம் சாட்டவில்லை. அவரும் யாரிடமும் கேட்கவில்லை. ஆயினும் வீட்டில் எல்லாருக்கும் அந்த ஐயம் இருந்தது. இனி அவ்வண்டியில் ஏறுவதில்லை என்றார் அம்மா. அப்பா மறுசொல் சொல்லாமல் அதனைத் தேங்காய்க் கொட்டகையில் நிறுத்தினார். அச்சுகளின் அடியில் கல் கொடுத்துச் சக்கரங்களைத் தரையிலிருந்து உயர்த்தித் தார்ப்பாய் போர்த்தினார். எவ்வளவோ பேர் கேட்டும் விற்கவில்லை.

1998-இல் அப்பா மறைந்தார். 2001-இல் தோப்பைப் பங்கிட்டபோது பேச்சு முற்றியது. கிணற்றில் யாருக்கு எத்தனை நாள் தண்ணீர் என்பதில் தொடங்கிய வாக்குவாதம் வேறெங்கோ சென்றது. "அம்மாவையே கொல்லப் பார்த்தவர்தானே நீங்கள்" என்று இளையவர் சொன்னார். சொன்ன சொல் திரும்பவில்லை. நடுவே சுவர் எழும்பிற்று. கொட்டகை மூத்தவர் பக்கம் நின்றது. வண்டியின் சாவியும் பதிவுப் புத்தகமும் அப்பாவின் குறிப்பேடும் ஒரு தகரப் பெட்டிக்குள் இளையவர் வீட்டுப் பரணில் கிடந்தன. பத்திரத்தில் வண்டியைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

2022-இல் பழைய வண்டிகளை வாங்குபவர் ஒருவர் தேடி வந்தார். விற்பதானால் வாரிசுகள் இருவரும் கையெழுத்திட வேண்டும். ஓடாத வண்டிக்கு ஒரு விலை, ஓடும் வண்டிக்கு அதைப்போல் இருமடங்கு விலை என்றார். ஆகவே ஓட வைத்து விற்றுவிடுவதென்றும், செலவைச் சமமாகப் பகிர்ந்துகொள்வதென்றும் அம்மா மூலமாகவே ஒப்புக்கொண்டோம். அன்பினால் அன்று, பணத்தின் பொருட்டே அக்கொட்டகையின் கதவைத் திறந்தோம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

கோவையிலிருந்து வந்த முதிய மெக்கானிக் எங்களுக்கு முதலில் கற்பித்தது பொறுமையை. நெடுங்காலம் நின்ற வண்டியை உடனே கிளப்ப முயல்வது பெருந்தவறு. உருளைகளின் சுவரில் எண்ணெய் வற்றியிருக்கும். பிஸ்டன் வளையங்கள் துருவினால் ஒட்டியிருக்கும். வலிந்து சுழற்றினால் உடைந்துபோகும். அவர் தீப்பொறிப் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு உருளையிலும் சிறிது எண்ணெய் ஊற்றி, ஒரு வாரம் அப்படியே விட்டுவைத்தார். எட்டாம் நாள் முன்புறக் கைப்பிடியை மெல்லச் சுழற்றினார். இயந்திரம் சற்று முனகிப் பின் சுழன்றது. "யாரோ இதை நெடுநாள் கவனிச்சிருக்கறாங்க" என்று மட்டும் சொன்னார். அதன் பொருள் எங்களுக்கு அன்று விளங்கவில்லை.

இத்தகைய வேலைக்குக் கோவையைப்போல் வாய்ப்பான ஊர் வேறில்லை எனலாம். கலங்கல் சிற்றூரில் 1893-இல் பிறந்த ஜி. டி. நாயுடு, உணவு விடுதியில் வேலை செய்து சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதனைப் பிரித்துப் பார்த்தே இயந்திரக் கல்வி பயின்றார் என்பர். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பேருந்தோடு தம் போக்குவரத்துத் தொழிலைத் தொடங்கியவர் அவர். அவர் பெயரால் நடைபெறும் அறநிலையம் 2015-இல் திறந்த கார் அருங்காட்சியகம் அவிநாசி சாலையில் இருக்கிறது. பின்னாளில் எஸ். கரிவர்தன் இதே ஊரில் மாருதி இயந்திரங்களைக் கொண்டு குறைந்த செலவில் பந்தய வண்டிகளைக் கட்டினார். அவர் 1995-இல் விமான விபத்தில் இறந்தார். செட்டிப்பாளையத்துப் பந்தயத் தடம் அவர் பெயர் தாங்கி நிற்கிறது. 2005-இல் பார்முலா ஒன் பந்தயத்தில் வண்டியோட்டிய முதல் இந்தியரான நாராயண் கார்த்திகேயனும் கோவையைச் சேர்ந்தவரே. பம்பு செட்டுக்கும் நூற்பாலைக்கும் உதிரிகள் செய்து பழகிய பீளமேடு, கணபதி, ஆவாரம்பாளையம் பட்டறைகளில் கிடைக்காத உறுப்பு இல்லை. கிடைக்காவிடில் செய்து தருவர்.

ஆயினும் அவ்வண்டி எங்களை ஒரு முறை திகைக்க வைத்தது. இயந்திரத்தின் போல்ட்டுகளுக்கு ஆங்கிலேயரின் பழைய விட்வொர்த் அளவு ஸ்பானர்தான் பொருந்திற்று. ஆனால் அதே அளவு மரையுள்ள புதுப் போல்ட் ஒன்றைச் செருகியபோது உள்ளே செல்லவில்லை. மரை மட்டும் மெட்ரிக் அளவு! தலை ஒரு நாட்டு முறை, உடல் வேறொரு நாட்டு முறை. முந்நாளில் பிரெஞ்சு இயந்திரங்களோடு அத்தொழிற்சாலைக்கிருந்த தொடர்பினால் வந்த விந்தை இது என்று பட்டறைக்காரர் விளக்கினார். தலையை அவ்வளவிலும் மரையை இவ்வளவிலுமாக லேத்தில் கடைந்து கொடுத்தார். அண்ணன் தம்பி இருவரும் அன்று ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். பிறகு நினைவு வந்து வாயை மூடிக்கொண்டோம்.

கதவுச் சட்டத்தைக் கரையான் தின்றிருந்தது. இடித்த வீடொன்றின் தேக்கு உத்தரத்தை வாங்கி, பழைய மரத்தையே மாதிரியாக வைத்துத் தச்சர் இழைத்துக் கொடுத்தார். எலி கடித்த மின்கம்பிகளை முழுவதும் மாற்றினோம். பெட்ரோல் தொட்டியில் பழைய எரிபொருள் பிசினாக உறைந்திருந்தது. அதனைக் கழுவி, உட்புறத் துருவை நீக்கினோம். இன்று விற்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருப்பதால் அது பழங்காலத்து ரப்பரை அரித்துவிடும் என்று சொல்லி, எரிபொருள் குழாய்களையும் பம்பின் சவ்வையும் புதிய வகை ரப்பரில் போட்டார் மெக்கானிக். இத்தனை நாளும் நாங்கள் பேசவேண்டியதை அவரிடமே பேசினோம். அவர் ஒருவர் சொன்னதை மற்றவரிடம் திருப்பிச் சொல்லிச் சலித்துப்போனார்.

இறுதியாகப் பிரேக்குக்கு வந்தார். சக்கரங்களின் காற்றுத் திருகுகளைக் கழற்ற முயன்றார், ஒன்றும் அசையவில்லை. தீ வைத்துச் சூடேற்றியே கழற்ற வேண்டியதாயிற்று. பின் பெடலுக்குக் கீழுள்ள முதன்மை உருளையைத் திறந்து, அதனுள்ளிருந்த ரப்பர் வளையங்களை எடுத்துத் தட்டில் வைத்தார்.

"ஏனுங்க, இதுல ஆரோ வேற எண்ணெய ஊத்தியிருக்காங்க. ரப்பரப் பாருங்க, பணியாரமாட்டம் உப்பிக் கெடக்குது. என்ஜின் எண்ணெய் பட்டாத்தான் இப்படி ஆகும். பிரேக்குப் போனது இதனாலதானுங்க. திருகு எல்லாம் கெட்டியாத்தான் முடுக்கியிருந்துச்சு."

மூத்தவர் அங்கிருந்த தேங்காய் மூட்டையின்மேல் அமர்ந்துவிட்டார். இளையவர் ஒன்றும் சொல்லாமல் வீட்டிற்குச் சென்று, பரணிலிருந்த தகரப் பெட்டியை இறக்கி, 21 ஆண்டுகளாகத் திறந்தும் பாராத குறிப்பேட்டைத் திறந்தார். அப்பாவின் கையெழுத்தில் 1981 ஏப்ரல் மாதக் கடைசியில் ஒரு குறிப்பு இருந்தது: பிரேக்கு எண்ணெய் குறைந்திருக்கிறது, தோட்டத்தில் கிடைக்கவில்லை, என்ஜின் எண்ணெய் ஊற்றியுள்ளேன், ஊருக்குப் போனதும் மாற்ற வேண்டும். மே மாதத்தில் மற்றொன்று: தவறு என்னுடையது, பெரியவன் வேலையில் குறை இல்லை. அதற்குப்பின் மாதந்தோறும் ஒரே வரி: எண்ணெய் விட்டேன், கைப்பிடியால் நான்கு சுற்று சுற்றினேன். அவர் மறைவதற்கு முந்திய மாதம்வரை அவ்வரி தவறவில்லை.

சுவரைச் சுற்றிக்கொண்டு வந்து இளையவர் அப்பக்கத்தை மூத்தவரிடம் நீட்டினார். "அண்ணா, என்னை மன்னிச்சிருங்க" என்பதற்குமேல் அவருக்குச் சொல் வரவில்லை. மூத்தவர் நெடுநேரம் படித்தார். "இத அப்பா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா தம்பி" என்றார். பிறகு, "நானும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார்.

பலநாள் இதனை எண்ணிப் பார்த்தோம். அப்பா கல்நெஞ்சர் அல்லர். மகன் அப்பழியைச் சுமந்து திரிகிறான் என்பதே அவருக்குத் தெரியாது. தாம் உண்மையைக் குறிப்பேட்டிற்குச் சொல்லிவிட்டதால் வீட்டாருக்கும் சொல்லிவிட்டதாகவே நினைத்தார்போலும். இயந்திரத்தை மாதந்தோறும் சுழற்றிக் காத்தவர் அந்த ஒரு வாக்கியத்தைத் துருவேற விட்டுவிட்டார். அதனை இளையவர் பழிச்சொல்லாய் மாற்றினார். அதற்கான மறுமொழியோ அவர் வீட்டுப் பரணிலேயே கிடந்தது.

வண்டியை விற்கவில்லை. 50 ஆண்டு கடந்த, அடிப்படை அமைப்பு மாற்றப்படாத வண்டிகளுக்கு 2021-இல் மத்திய அரசு தனிப் பதிவு முறையை ஏற்படுத்தியிருக்கிறது. ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். கண்காட்சி, அணிவகுப்பு, பழுதுபார்ப்பு போன்றவற்றிற்கன்றி அன்றாடப் போக்குவரத்திற்குச் சாலையில் ஓட்டக்கூடாது. எங்களுக்கு அது போதும். யார் பெயருக்கு மாற்றுவது என்ற கேள்வி எழுந்தபோது இருவரும் ஒரே குரலில் அம்மாவின் பெயரைச் சொன்னோம்.

சென்ற ஆண்டு தை மாதத்தில் ஒரு காலை, சாவியைத் திருப்பியதும் எரிபொருள் பம்பு டக் டக்கென்று துடித்து, எரிபொருள் நிறைந்ததும் அடங்கியது. இரண்டாம் முயற்சியில் இயந்திரம் கிளம்பிற்று. 83 வயதான அம்மா சுவரோரம் நாற்காலியில் அமர்ந்திருந்தார். "இதுல ஏற மாட்டேன்னு அன்னைக்குச் சொன்னேன்" என்று எழுந்தார். மூத்தவர் பிரேக்குப் பெடலை மூன்று முறை மிதித்துக் காட்டினார். அம்மா ஏறி அமர்ந்தார். இருவர் மட்டுமே அமரும் வண்டியாதலால் இளையவர் பக்கத்தில் நடந்தே வந்தார். தோப்பின் எல்லைவரை போய்த் திரும்பினோம்.

வாசகர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் ஏதேனும் ஒரு பெட்டி திறவாமல் கிடக்கலாம். உரியவர் உயிரோடிருக்கும்போதே திறந்து பாருங்கள். எங்கள் சுவரில் இப்போது ஒரு வழி வைத்திருக்கிறோம். வண்டி நுழையும் அளவுக்கு அகலமானது.