திருவாதவூருக்குத் தனியாகப் போனேன்!

மாணிக்கவாசகர் பிறந்த திருவாதவூர், மதுரைக்குப் பக்கத்தில் மேலூரை ஒட்டிய ஊர். 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் நமக்கு டிக்கெட் கிடையாதே! அந்த தைரியத்தில், பர்ஸில் ஐம்பது ரூபாயோடு தனியாகக் கிளம்பிவிட்டேன்.

போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். திருமறைநாதர் கோயில் நடை சாத்தியாகிவிட்டது. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. திரும்புகிற பஸ் எப்போது என்றும் கேட்டு வைக்கவில்லை. “மேலூர்ல விடவாக்கா?” என்று பைக்கில் ஒருவர் இரண்டாம் முறை வந்து நின்றதும் வயிற்றைக் கலக்கியது. நல்லவராகவும் இருக்கலாம், நமக்கு எப்படித் தெரியும்? கொஞ்ச தூரத்தில் வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாளிடம் போய் உட்கார்ந்துவிட்டேன். “சாயங்காலம் நடை திறக்கும். இங்ஙனயே இரு தாயி” என்றார். தரிசனமும் ஆயிற்று, பஸ்ஸும் ஏற்றிவிட்டார்.

சகோதரிகளே, கிராமத்துக் கோயில்களுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். இறங்குமுன் கண்டக்டரிடம் திரும்பும் பஸ் நேரத்தைக் கேளுங்கள். பஸ் இலவசம் என்றாலும் ஆட்டோவுக்குப் பணம் தனியாக இருக்கட்டும். பெண்கள் உதவிக்கு 181, அவசரத்துக்கு 112: இரண்டையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். செல்போன் அணைந்துபோனாலும் அடுத்தவர் போனில் கூப்பிடலாமே!

பயந்து வீட்டோடு இருந்துவிடாதீர்கள். அடுத்த பிரதோஷத்துக்கு நான் மறுபடியும் தனியாகத்தான் போகப் போகிறேன்.