தீவகத்தின் பேய்மிரட்டியும் திரும்பி வருவோரும்

துளசியும் புதினாவும் அடங்கிய தாவரக் குடும்பத்தைச் சேர்ந்த பேய்மிரட்டி, இடுப்பளவு முதல் ஆளுயரம் வரை வளரும் காட்டு நறுமணப் புதர்ச்செடியாகும். பெருந்தும்பை, வெதுப்படக்கி என்ற பெயர்களும் அதற்கு உண்டு. தாவரவியலார் அதனை அனிசோமெலெஸ் மலபாரிக்கா என்று வழங்குகின்றனர். யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் அதன் மேற்கே கிடக்கும், தீவகம் எனப்படும் தீவுகளிலும் வேலியோரம், பாழ்வளவு, கைவிடப்பட்ட தோட்டக்காணி எனத் தொந்தரவுற்றுப் பின் ஓய்ந்துபோன நிலமே இதற்கு உகந்த இடம். ஆகவே, நெடுங்காலம் வெளிநாட்டில் வாழ்ந்துவிட்டுத் தம் வளவைப் பார்க்கத் திரும்புபவர் படலையைத் தள்ளியதும் எதிர்கொள்ளக்கூடிய செடிகளுள் இதுவும் ஒன்று என்பதில் வியப்பில்லை.

அவ்வாறு திரும்புபவர் பண்ணைத் தாம்போதி வழியாக, அதாவது பரவைக்கடலின் குறுக்கே கல்லும் மண்ணும் இட்டு அமைத்த வீதி வழியாக, வேலணைத் தீவை அடைகிறார். ஊர்காவற்றுறை அத்தீவின் வடமேற்குக் கரையில் உள்ளது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்பவர்கள் புங்குடுதீவைக் கடந்து குறிகாட்டுவான் இறங்குதுறையில் படகேற வேண்டும். இக்கடல்வழியிலேயே 1985 மே 15 அன்று குமுதினிப் படகின் பயணிகள் பலர் வெட்டிக் கொல்லப்பட்டனர். 1990 ஆகஸ்டில் தொடங்கிய படை நடவடிக்கைகளால் தீவுகளின் மக்களுட் பெரும்பகுதியினர் குடாநாட்டுக்கு ஓடி, அங்கிருந்து வன்னிக்கும் கொழும்புக்கும், பின்னர் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் சிதறினர். தென்னிலங்கை நகரங்களில் கடை நடத்தி ஊருக்குப் பணம் அனுப்பி வந்த தீவகத்து வணிகக் குடும்பங்களோ தமிழருக்கு எதிரான 1983 வன்செயல்களிலேயே ஒருமுறை இடம்பெயர்ந்திருந்தன. உழவும் எருவும் நின்றுபோன காணிகளில் எருக்கு, நாயுண்ணி, வடலி ஆகியவற்றோடு பேய்மிரட்டியும் குடிகொண்டது இவ்வரலாற்றின் பின்விளைவேயன்றி, நிலம் கெட்டுப்போனதன் அடையாளமன்று.

ஆனால் திரும்பி வருவோருட் பலர் அதனை நிலம் கெட்டதாகவே வாசிக்கின்றனர். அதற்குப் பள்ளி விடுமுறையும் ஒரு காரணம். புலம்பெயர்ந்த குடும்பங்களின் வருகை பெரும்பாலும் நயினாதீவு நாகபூசணி அம்மன் ஆலயத்தின் ஆனித் திருவிழாவை ஒட்டியோ, அதற்கடுத்த ஆடி, ஆவணி மாதங்களிலோ அமைகிறது. அது சோளகம் எனப்படும் தென்திசைக் காற்று ஓயாது வீசிப் புல் கருகும் பருவம். தீவகத்துக்கு வேண்டிய மழையை ஐப்பசி முதல் மார்கழி வரையான வாடைப்பருவமே கொண்டுவருகிறது. அப்போது சுண்ணக்கற் பாறையின் மேலுள்ள மெல்லிய மண் நனைந்து, நெடுந்தீவின் முருகைக்கல் மதில்களின் அடியிலும் பச்சை படரும். முருகைக்கல் என்பது கடலடிப் பவளப்பாறையிலிருந்து கிடைக்கும் கல். ஆண்டுதோறும் கோடையை மட்டும் கண்டு செல்பவரின் மனத்தில் ஊர் என்றென்றைக்கும் பொட்டலாகவே பதிந்துவிடுகிறது. பிறந்து வளர்ந்தவரே இப்படி மறந்துவிடுவதைச் சற்றுக் கடுமையாகவே கண்டிக்க வேண்டியுள்ளது.

பேய்மிரட்டியின் உடலமைப்பு அக்கோடைக்கென்றே வாய்த்தது எனலாம். இக்குடும்பத்துக்குரிய நாற்கோணத் தண்டும் எதிரெதிராக அமைந்த இலைகளும் இதற்கும் உண்டு; எனினும் தண்டையும் தடித்து நீண்ட இலையையும் மூடியிருக்கும் வெண்ணிறப் பூமயிர், வெயிலைத் திருப்பி நீரிழப்பைக் குறைக்கிறது. அம்மயிர்களுக்கிடையே உள்ள நுண்சுரப்பிகள் ஆவியாகும் எண்ணெயைத் தேக்கி வைப்பதால், இலையைக் கசக்கியவுடன் கற்பூரத்தை நினைவூட்டும் காரமான மணம் எழுகிறது. மேய்ச்சல் விலங்குகளின் வாய்க்கு அது அவ்வளவு இனிப்பதில்லை. கட்டாக்காலி மாடுகளும் போர்த்துக்கேயர் காலத்திலிருந்து எஞ்சியதாகச் சொல்லப்படும் குதிரைகளும் திரியும் நெடுந்தீவில், இத்தகைய தற்காப்பு சிறிய நன்மையன்று. தண்டின் நுனியில் நெருக்கமாகப் பூக்கும் இளஊதா நிற ஈருதட்டுப் பூக்களைத் தேனீக்கள் நாடி வரும்.

முன்னைய தலைமுறை இச்செடியைக் களையாகக் கண்டதில்லை. காய்ச்சலுக்கும் உடல் உளைவுக்கும் நொச்சியோடு இதன் இலையையும் கொதிநீரில் இட்டு வேது பிடித்தனர், அதாவது போர்வைக்குள் இருந்து ஆவியை உள்வாங்கினர்; குழந்தைகளுக்குப் பல் முளைக்கும் காலத்துக் காய்ச்சலுக்கும், செரிமானக் கோளாற்றைக் குறிக்கும் மாந்தத்துக்கும், பரியாரியார் எனப்படும் நாட்டு வைத்தியர் இதன் குடிநீரை அளவறிந்து கொடுத்தார். பச்சை இலையை முறுக்கி எண்ணெயில் தோய்த்தால் திரியாக எரியும். பூமயிர் எண்ணெயை உறிஞ்சி மேலே கொண்டுவருவதே அதன் காரணம். உலர்ந்த செடியின் புகை நுளம்பை விரட்டும் என்பதும் பேயை விரட்டும் என்பதும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டன. முன்னதற்கு இலையின் எண்ணெய் காரணமாகலாம், பின்னதைப் பற்றி விவாதித்துப் பயனில்லை.

இதன் இலையிலுள்ள அனிசோமெலிக் அமிலம் என்னும் சேர்மத்தைக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க் கலங்களின் மீது சோதித்த ஆய்வுகளுள் குறிப்பிடத்தக்கவை, பின்லாந்தின் துர்க்கு நகரிலுள்ள ஓபோ அகாடெமி பல்கலைக்கழகத்தில் நடந்தவை. அவை ஆய்வுக்கூடக் கலங்களில் கண்ட முடிவுகளே. மனிதருக்கான மருந்தாக அது இன்னும் ஆகவில்லை. பனிநாட்டு ஆய்வுக்கூடம் வரை போய்ச் சேர்ந்த ஒரு செடியை, அதே பனிநாடுகளில் குடியேறிய தீவகத்தவரின் பிள்ளைகள் பெயர் சொல்லி அடையாளம் காண முடியாதிருப்பது கவனத்துக்குரியது. ஊரில் செடி இருக்கிறது, அதனைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களில் பலர் இல்லை; ரொறன்ரோவிலும் லண்டனிலும் தெரிந்த முதியோர் இருக்கின்றனர், அவர்களிடம் செடி இல்லை.

இந்நிலையில், திருவிழாவுக்கு வருமுன் வளவைத் துப்புரவாக்கும்படி தொலைபேசியில் பணித்துவிட்டு, பெக்கோ இயந்திரத்தால் வேலி முதல் வேலி வரை மண்ணை வழித்தெடுக்கச் செய்யும் வழக்கம் தவறானது. மெல்லிய மேல்மண் அதனால் அகற்றப்படுவதோடு, அடுத்த மழையில் அதே செடிகளே மீண்டும் முளைக்கும். செலவு மட்டுமே மிஞ்சும். வீட்டைச் சுற்றி வெட்டி, வேலியோரம் ஒரு பட்டியை விட்டுவைத்தலே போதும். குழந்தைக்கு இதன் குடிநீரைக் கேள்வியறிவால் கொடுக்க முற்படாது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்த மருத்துவம் பயின்ற மருத்துவர்களைக் கேட்க வேண்டும். வெளிநாட்டில் உள்ள தாய் தந்தையரிடம் செடியின் படத்தைக் காட்டி, அவர்கள் ஊரில் அது எங்கே வளர்ந்தது, எதற்குப் பறித்தனர், எவ்வளவு இட்டனர் என்பவற்றை அவர்கள் சொல்லும் சொற்களிலேயே இப்போதே எழுதி வையுங்கள்.