மூதாட்டியின் சோற்றுக் கிண்ணம்

உடைந்த பாண்டத்தை ஒட்டி, ஒட்டிய தடத்திற் பொன் தூவும் யப்பானியக் கலையை நான் முதலில் அறிந்தது ஒரு தத்துவமாகவே. காயத்தை மறைக்காதே, அதனைப் பொன்னாக்கு என்று அது போதிப்பதாகப் பலர் எழுதியிருந்தனர். கின்சுகி எனப்படும் அக்கலையைக் கற்பதற்காக, 2025 ஆம் ஆண்டு யூன், யூலை மாதங்களில், இஷிக்காவா மாகாணத்தின் கனசாவா நகர்ப்புறத்தே உள்ள ஒரு பட்டறையில் ஆறு வாரம் தங்கியிருந்தேன். பிறநாட்டுக் கலைஞர்களை விருந்தினராக வைத்துப் பழைய கைவினைகளைப் பயிற்றும் திட்டங்கள் இன்று யப்பானிற் பல உள்ளன. இதுவும் அவற்றுள் ஒன்று. நாங்கள் எழுவர். எழுவர் மனத்திலும் அந்தத் தத்துவமே இருந்தது எனலாம்.

முதல் நாள் ஆசிரியர் பொன்னைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. கையுறைகளைத் தந்து, சட்டைக் கைகளை மணிக்கட்டுவரை இழுத்துவிடச் சொன்னார். உருஷி மரத்தின் பாலே இக்கலையின் உயிர். அது தோலிற் பட்டாற் கொப்புளிக்கும். இரண்டாம் வாரம் முடியுமுன் எங்களுள் மூவர் இரவிற் சொறிந்துகொண்டு விழித்திருந்தோம்.

அப்பால் இறுகும் முறை விந்தையானது. நாம் அறிந்த பசைகள் பல ஈரம் நீங்க இறுகுவன. உருஷியோ ஈரத்திலேதான் இறுகும். காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு எழுபதுக்கு மேலும், வெப்பம் இருபது பாகை செல்சியசுக்கு மேலும் இருந்தால், அதிலுள்ள நொதியம் காற்றின் ஒட்சிசனைக் கொண்டு பாலைக் கெட்டிப்படுத்தும். யப்பானிய இரசாயன அறிஞர் யொஷிடா ஹிக்கொரொக்குரோ 1883 இல் இந்நொதியத்தை இனங்கண்டார். பட்டறையில் இதற்கென ஈரத்துணி விரித்த மர அலுமாரி ஒன்று இருந்தது. கோதுமை மாவை நீரிற் பிசைந்து, உருஷி கலந்து, உடைந்த ஓரங்களிற் பூசிப் பொருத்தி அதனுள் வைத்தோம். இரண்டு வாரமாவது அதனைத் தொடலாகாது. அதன்பின் நுண்ணிய மண்தூள் கலந்த உருஷியாற் பள்ளங்களை நிரப்பவேண்டும். பூச்சின்மேற் பூச்சு வேண்டும். ஒவ்வொன்றையும் தேய்த்துச் சமப்படுத்தவேண்டும். ஈற்றிலேதான் பொன். எல்லாம் முடிய இரண்டு மூன்று மாதங்களாகும். ஆறு வார விருந்தினர் ஒருவர் இக்கணக்கை முதல் நாளே போட்டுப் பார்த்திருக்கவேண்டும். நான் பார்க்கவில்லை.

இக்கணக்கின் மறுபுறத்தில் மரம் நிற்கிறது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் வளர்ந்த உருஷி மரத்தை ஒரு பருவம் கீறினாற் கிடைப்பது ஏறத்தாழ 200 கிராம் பால். பின்னர் மரம் வெட்டப்படும். யப்பானிற் பயன்படும் உருஷியிற் பெரும்பகுதி சீனாவிலிருந்தே வருகிறது. 1949 இல் ஹோரியூஜி ஆலயத்தின் பொன்மண்டபச் சுவரோவியங்கள் தீயிற் கருகியதை அடுத்து, 1950 இற் பண்பாட்டுச் சொத்துக்களைக் காக்கும் சட்டம் இயற்றப்பட்டது. 1975 இற் செய்த திருத்தம், பழம்பொருள்களோடு, அவற்றைச் செப்பனிடத் தேவையான நுட்பங்களையும் அரசின் காப்புக்குள் கொண்டுவந்தது. பாலெடுப்பவனின் கைத்திறனும் இன்று அவ்வாறு காக்கப்படுவதே. அவன் இல்லையேற் பட்டறை இல்லை.

நான்காம் நாள் ஆசிரியர் என் கையில் ஒரு சோற்றுக் கிண்ணத்தைத் தந்தார். ஐந்து துண்டுகள், விளிம்பில் விரல்நகம் அளவு சில்லொன்று காணாமற்போயிருந்தது. 2024 சனவரி முதல் நாள் நோட்டோ தீபகற்பத்தை உலுக்கிய 7.6 அளவு நிலநடுக்கத்தில் வீடிழந்த மூதாட்டி ஒருவருடையது அது. வாஜிமா நகரின் காலைச்சந்தைப் பகுதி எரிந்துபோனதும் அந்நாளிலேயே. அவர் இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். கடைகளில் மலிவாய்க் கிடைக்கும் சாதாரணக் கிண்ணந்தான்.

துண்டுகளைப் பொருத்தி அலுமாரியில் வைத்தேன். ஐந்தாம் நாள் மாலை, எவரும் இல்லாத வேளையில், இறுகிவிட்டதா என்று பார்க்கும் ஆசை மேலிட்டது. எடுத்தேன், அழுத்தினேன், ஒரு துண்டு மயிரிழை அளவு நழுவியது. மீளத் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினேன். எவருக்கும் சொல்லவில்லை. இதனை எழுதும்போதும் எனக்கு நாணமாகவே இருக்கிறது.

உரிய நாள் வந்தபோது ஆசிரியர் கண்ணை மூடிக்கொண்டு பொருத்தின்மேல் நகத்தை ஓட்டினார். ஓரிடத்தில் நகம் நின்றது. அவர் கடிந்துகொள்ளவில்லை. நீர் மிச்சப்படுத்த எண்ணிய நாளை இனி அந்த அம்மையார் ஒவ்வொரு வேளையும் விரலால் உணர்வார் என்று மட்டும் சொன்னார். பொருத்துக்களைப் பிரித்துப் பழைய பசையைச் சுரண்டித் துப்புரவாக்க இரண்டு நாள் சென்றது. மீண்டும் முதலிலிருந்து தொடங்கினேன்.

மூதாட்டியார் ஒருநாள் பார்க்க வந்தார். பொன் பூசவா என்று மொழிபெயர்ப்பாளர் வழியாக ஆவலோடு கேட்டேன். பொன் பூசினால் அதை அலுமாரியில் அல்லவோ வைப்பார்கள், எனக்குச் சோறு தின்னக் கிண்ணம் வேண்டும் என்றார். சாதாரண உருஷிப் பூச்சே போதும் என ஆசிரியரும் தலையசைத்தார். நன்கு இறுகிய உருஷி நீரையும் அமிலத்தையும் தாங்கும். அதில் அச்சமின்றி உண்ணலாம்.

எனக்கு ஏமாற்றமே. அவரது கிண்ணத்திலே நான் செய்ய விரும்பியது என் தத்துவத்தை. அவ்வேளை தோக்கியோ தேசிய நூதனசாலையில் உள்ள ஒரு சீனக் கிண்ணம் நினைவுக்கு வந்தது. அஷிக்காகா யொஷிமாசா என்னும் ஷோகுன், விரிசல் கண்ட தம் கிண்ணத்தைச் சீனாவுக்கு அனுப்பி அதுபோல் இன்னொன்று கேட்டாராம். அத்தகையது இனி இல்லையென்று, அதனையே இரும்புக் கவ்விகளால் இறுக்கித் திருப்பினார்களாம். அக்கவ்விகளின் அழகின்மையே கின்சுகியைப் பிறப்பித்தது என்று கதை தொடர்வதுண்டு. கிண்ணமோ இன்றும் அந்தக் கவ்விகளுடனேயே, பெரிதும் போற்றப்பட்டு இருக்கிறது. செப்பனிடுதலில் முந்தி நிற்பது பொருளின் தேவை. செய்பவரின் ஆசை அதற்குப் பிந்தியது.

ஆறாம் வாரம் முடிந்தபோது பொருத்து இறுகியிருந்தது. காணாமற்போன சில்லின் இடத்தில் முதற் பூச்சு மட்டும் இருந்தது. எஞ்சிய வேலை அடுத்து வரும் குழுவினருக்கு. ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஒரு கொப்பி உண்டு. நாள், கலவை, ஈரப்பதன் யாவும் அதிற் பதியவேண்டும். என் தவறையும் பதியுமாறு ஆசிரியர் சொன்னார். அடுத்துவரும் கைக்கு அது தெரிந்திருக்கவேண்டும் என்பது அவர் கருத்து. எழுதினேன்.

ஆறு வாரத்தில் எவரும் கைவினைஞராவதில்லை. அதற்குப் பல ஆண்டுகள் வேண்டும். ஆயினும் தனி ஒருவராய் எதனையும் செப்பனிட முடியாது என்பதைக் கற்க அக்காலம் எனக்குப் போதுமாயிருந்தது. மரம் நட்டவர் ஒருவர், பாலெடுத்தவர் ஒருவர், பொருத்தியவர் ஒருவர், முடிப்பவர் வேறொருவர். கிண்ணத்தில் எவர் பெயரும் இராது.

கார்த்திகை மாதத்தில் ஆசிரியரிடமிருந்து இரண்டு வரிக் கடிதம் வந்தது. கிண்ணம் வீடு சென்றுவிட்டது. விளிம்பு விரலில் இடறவில்லையாம்.