கடலுக்கு அடியிலிருந்து கொடைக்கானலுக்கு: ஒரு சிக்கனக் கணக்கு

கொடைக்கானல்காரர்களுக்கு எந்த விமானப் பயணமும் பஸ்ஸில்தான் தொடங்கும். மலையில் விமான நிலையம் கிடையாது. மதுரை விமான நிலையம் சுமார் 120 கிலோமீட்டர். அதில் பாதி தூரத்துக்கு வளைவு வளைவாக மலைப்பாதை. "ஃப்ளைட் எத்தனை மணிக்கு?" என்று கேட்பதற்கு முன்னால் "வத்தலக்குண்டு பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டாக வேண்டும்!

இந்த ஊரில் கல்லூரி கடைசி வருடம் படிக்கும் மூன்று பையன்களுக்கு ஸ்கூபா டைவிங் ஆசை வந்தது. டிவியில் கரீபியன் கடலைப் பார்த்து வந்த ஆசை. பொனேர் தீவுக்குப் போக வழி தேடினார்கள். ஆம்ஸ்டர்டாம் வரை ஒரு விமானம், அங்கிருந்து அட்லாண்டிக்கைத் தாண்ட இன்னொன்று, அதற்குமேல் விசா. கட்டணத்தைப் பார்த்ததும் ஆசை தானாகவே அந்தமான் பக்கம் திரும்பியது. பவளப்பாறை அங்கேயும் இருக்கிறது, இந்தியர்களுக்கு விசாவும் தேவையில்லை.

போர்ட் பிளேருக்கு (2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம்) சென்னையிலிருந்து கப்பலும் உண்டு. ஆனால் சுமார் மூன்று நாள் ஆகும், தினமும் கிடையாது. விமானம் என்றால் இரண்டேகால் மணி நேரம். அங்கிருந்து படகில் இரண்டு மணி நேரம் போனால் ஹேவ்லாக். 2018 டிசம்பரில் அதற்கு ஸ்வராஜ் தீவு என்று பெயர் வைத்தார்கள்.

போகும் வழியில் சிக்கனம் பிடிப்பது சுலபமாகத்தான் இருந்தது. மதுரையிலிருந்து சென்னைக்குத் தனியாக விமானம் எதற்கு? மாலை பஸ்ஸில் இறங்கி, கொடை ரோட்டில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் பிடித்தால் விடியும்போது சென்னை. விமான நிலையம் வரைக்கும் மெட்ரோ ரயில் இருக்கிறது. ஒரு ராத்திரி லாட்ஜ் வாடகையும் மிச்சம்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. இரண்டு விமானங்களைத் தனித்தனி டிக்கெட்டாக வாங்கினால் மலிவாகத் தெரியும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் இரண்டாவது கம்பெனிக்குப் பொறுப்பில்லை, அந்தக் காசு போனதுதான். ஒரே டிக்கெட்டாக இருந்தால் அடுத்த விமானத்தில் அனுப்பவேண்டியது அவர்கள் பாடு. ரயிலில் வருபவருக்கும் இதே கதைதான். ஆறு மணிக்கு வரும் ரயிலை நம்பி ஏழரை மணி விமானத்துக்கு டிக்கெட் எடுப்பது சிக்கனம் இல்லை, சூதாட்டம். பையன்கள் பதினோரு மணி விமானத்தைப் பார்த்து வைத்தார்கள்.

சிக்கல் திரும்பி வரும் வழியில்தான் வந்தது.

கடைசி நாள் காலை ஏழு மணிக்கு ஒரு டைவ், பகல் படகில் போர்ட் பிளேர், அன்றே பிற்பகல் விமானம். இதுதான் அவர்கள் போட்ட திட்டம். ஒரு ராத்திரி ரூம் வாடகை மிச்சம் என்று மூவருக்கும் சந்தோஷம். பயிற்சி தரும் இடத்துக்குப் போன் போட்டபோதுதான் குண்டு விழுந்தது. "அன்னைக்கே ஃப்ளைட்டா? கூடவே கூடாது தம்பி!"

ஏன் கூடாது? கோலி சோடாவை நினைத்துக்கொள்ளுங்கள். மூடியிருக்கும்வரை தண்ணீர் சும்மா இருக்கும். கோலியைத் தட்டியதும் அழுத்தம் குறைந்து வாயு நுரைத்துக்கொண்டு வரும். கடலில் ஒவ்வொரு பத்து மீட்டர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. சுவாசிக்கும் காற்றில் முக்கால் பங்குக்கு மேல் நைட்ரஜன். அழுத்தம் கூடக்கூட அது ரத்தத்திலும் தசையிலும் அதிகமாகக் கரைகிறது. மேலே வந்தபிறகு மெதுவாக வெளியேற மணிக்கணக்கில் நேரம் வேண்டும். அதற்குள் விமானம் ஏறினால் உடம்புக்குள் குமிழி கிளம்பலாம். மூட்டு வலி, மரத்துப்போதல், மோசமானால் பக்கவாதம். ஆரம்பத்தில் பயணக் களைப்பு மாதிரியே இருப்பதுதான் ஆபத்து. ஆக்ஸிஜனும், திரும்ப அழுத்தம் கொடுக்கும் அறையும்தான் வைத்தியம். அந்த அறை எல்லா ஊர் ஆஸ்பத்திரியிலும் இருக்காது.

டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற அமைப்பு 2002-ல் கூட்டிய நிபுணர் கூட்டத்தில் பிறந்த வழிகாட்டுதல் இது: சாதாரணமான ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ்கள் என்றால் 18 மணி நேரம் கழித்து விமானம் ஏறலாம். வழியில் நின்று நின்று மேலே வரவேண்டிய ஆழமான டைவ் என்றால் இன்னும் அதிக நேரம்.

"அப்ப ஃப்ளைட்டே வேணாம்டா," என்றான் ஒருவன். "புதுச்சேரியிலயும் டைவிங் இருக்கு. காலைல ரெண்டு டைவ் போட்டுட்டு கார்ல கிளம்புனா ராத்திரிக்குள்ள வீடு."

நல்ல யோசனை மாதிரிதான் தெரிந்தது. ஆனால் அந்த வழிகாட்டுதலில் ஒரு எண் இருக்கிறது. விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் 2,000 அடியிலிருந்து 8,000 அடி உயரத்துக்குச் சமமாக இருக்கும்போது இந்த விதி பொருந்தும் என்கிறது. கொடைக்கானல் எத்தனை அடி? சுமார் 7,000!

அதாவது வத்தலக்குண்டு தாண்டி மலையேறும் கார், நைட்ரஜன் கணக்கில் விமானம்தான். டிக்கெட் கிடையாது, சீட் பெல்ட் போடச் சொல்லும் பணிப்பெண் கிடையாது, "டைவ் அடிச்சு எத்தனை மணி நேரம் ஆச்சு?" என்று கேட்கவும் ஆள் கிடையாது. வெள்ளி நீர்வீழ்ச்சியில் டீ குடிக்க இறங்கும்போது முழங்கை வலித்தால் யாரும் கடலை நினைக்கமாட்டார்கள்.

கடைசியில் அந்தமான் திட்டமே நின்றது, ஒரு ராத்திரி கூடுதலாக. பதினோரு மணிக்குக் கடைசி டைவ் முடிந்தால் மறுநாள் காலை ஐந்துக்கு 18 மணி நேரம் ஆகிறது. ஒன்பது மணிக்கு மேல் விமானம். அதே ராத்திரி இன்னொரு விதத்திலும் காப்பாற்றும். கடல் கொந்தளித்துப் பகல் படகு ரத்தானாலும் விமானம் கையைவிட்டுப் போகாமலிருக்க வாய்ப்புண்டு.

ஒருவனுடைய அம்மா கணக்கு நோட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன்டா, சும்மா உக்காந்திருக்கறதுக்கா ரூம் வாடகை?"

"ஆமாம்மா. அதைக் கழிச்சா மத்ததெல்லாம் வீண்."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பீரோவைத் திறந்து அந்த ஒரு ராத்திரிக்கான காசை எடுத்துக் கொடுத்தார்.

ஊட்டி, ஏற்காடு, வால்பாறை, மூணாறு... மலை ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். கடலுக்குள் போய்வந்தால் அடிவாரத்திலேயே ஒரு நாள் தங்கிவிட்டு மெதுவாக மலை ஏறுங்கள். வீடு அங்கேயேதான் இருக்கும்.